சிறைப்பட்டவரின் நினைவேடு

தன் வாழ்வைத் தானே எழுதப் புகுவோர்க்கு இடர் மூன்று உள. நினைவு தவறுதல் ஒன்று. விருப்பு வெறுப்பு உண்மையை மறைத்தல் ஒன்று. தன்னையே முன்னிறுத்தி உலகை மறத்தல் மற்றொன்று. இம்மூன்றையும் ஆராய்தற்கு ஏற்ற நூலொன்று கண்டி நாட்டு வாழ்விலிருந்தே தோன்றிற்று. ஆங்கிலேய மாலுமி றொபேட் நொக்ஸ் எழுதி, 1681 இல் இலண்டனில் வெளிவந்த இலங்கை வரலாறே அஃது.

1659 இல் புயலிற் பாய்மரம் இழந்த 'ஆன்' என்னும் கப்பல், செப்பனிடும் பொருட்டுக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660 ஏப்ரலில் மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் கப்பற்றலைவரையும், அவர்தம் மைந்தராகிய இளைஞர் நொக்ஸையும், வேறு சிலரையும் சிறைப்பிடித்தனர். தந்தையார் மறு ஆண்டே காய்ச்சலால் இறந்தார். மைந்தரோ சிற்றூர்களிற் காவலில் இருந்து, தொப்பி பின்னி விற்றும் நெல்லைக் கடன் கொடுத்தும் காலங் கழித்தார். 1679 இல் தோழர் ஒருவருடன் அநுராதபுரக் காட்டு வழியே நடந்து, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்து உய்ந்தார்.

பத்தொன்பது ஆண்டு வாழ்வை அவர் தாயகம் மீளும் கப்பலிலேயே நினைவிலிருந்து எழுதினார். உழவும் அறுவடையும் பற்றி அவர் கூறுவன உறுதியுடையன. அவை அவர் கண்டும் செய்தும் அறிந்தவை. அரசவைச் செய்திகளோ பெரும்பாலும் செவிவழி வந்தவை. 1664 இல் கிளர்ச்சி மூண்டபோது இராசசிங்கன் நிலம்பையை விட்டு ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள ஹங்குரன்கெத்தையை அடைந்தான். அம்மன்னனைக் கொடுங்கோலனாகத் தீட்டும் பக்கங்களைப் படிப்போர், எழுதியவர் அவனுடைய கைதி என்பதை மறத்தலாகாது.

ஆயினும் மூன்றாம் இடரை நொக்ஸ் வென்றார். நூலின் நான்கு பகுதிகளுள் முதல் மூன்றும் நாடு, அரசு, மக்கள் என்பன பற்றியவை. தம் துயரை அவர் இறுதிப் பகுதியிலேயே வைத்தார். முதுமையிலும் தம் கைப்பிரதியிற் புதிய குறிப்புகளைச் சேர்த்தார். அவை பின்னாளில் அச்சேறின.

ஹேவாஹெட்ட மலைகளுக்கு மற்றொரு வரலாறும் உண்டு. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் அங்குள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரிற் தேயிலை பயிரிட்டார். ஸ்கொத்லாந்திலிருந்த தம் குடும்பத்தார்க்கு அவர் எழுதிய கடிதங்கள் இன்றும் பேணப்படுகின்றன. மலைநாட்டுத் தோட்டங்களிற் காடழித்துக் கன்று நட்ட தமிழ்த் தொழிலாளர் எழுதிய நினைவேடு எங்கே? அவர்தம் பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்தமையால் அவர்தம் குரலிற் சிறுபகுதி நமக்கு எஞ்சியது.

நொக்ஸுக்கு எழுத்தறிவு இருந்தது. தாளும் அச்சகமும் கிடைத்தன. அவை கிட்டாதோர் பட்ட துன்பம் அதனிற் குறைந்ததன்று. பாட்டனார் சொல்வதைக் கேட்டுப் பெயரும் ஆண்டும் பிழையாது எழுதிவைத்தல், கல்வி பெற்ற பேரர்களின் கடனாம்.