பழைய ஃபோர்டு ஐகானுக்கு எந்த ஆயில்? மதுரை வெயிலுக்கு கெட்டி ஆயில் சரியா?

மறைமலைநகரில் தயாராகி 1999-ல் அறிமுகமான ஃபோர்டு ஐகானை, குறிப்பாக 1.6 லிட்டர் பெட்ரோல் மாடலை, இன்றும் விடாமல் வைத்திருப்பவர்கள் உண்டு. அலங்காநல்லூர் பக்கம் கோடையில் 40 டிகிரி அடிக்கும். 'பழைய வண்டிண்ணே, கெட்டியா 20டபிள்யூ-50 ஊத்துங்க' என்பார்கள்.

அவசரப்பட வேண்டாம். வெளியே 40 என்றாலும், ஓடும் இன்ஜினில் ஆயில் சூடு சுமார் 100 டிகிரி. 5டபிள்யூ-30-ல் கடைசி 30, அந்தச் சூட்டில் ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும். ரொம்பக் கெட்டியான ஆயில், காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே ஏறத் தாமதமாகும். தேய்மானம் அதிகம் நடப்பது அப்போதுதான்.

மேனுவலில் உள்ள கிரேடே முதல் தேர்வு. டிப்ஸ்டிக்கில் அளவு இறங்கிக்கொண்டே போனால் 10டபிள்யூ-40 முயலலாம். நீலப் புகை வந்தால்? பிஸ்டன் ரிங், வால்வு சீலைப் பாருங்கள். சென்னை ஆலையில் ஃபோர்டு 2022-லேயே உற்பத்தியை நிறுத்திவிட்டது. இன்ஜின் போனால் பாகம் தேடி அலைய வேண்டும்.