பத்துகள் இல்லாத சீட்டுக்கட்டு

இருபத்தொன்று என்னும் சீட்டாட்டத்தின் தொல்பதிவாகப் பொதுவாகச் சுட்டப்படுவது ஒரு சூதாட்டக் கையேடு அன்று. செர்வாந்தேஸ் எழுதி 1613இல் வெளிவந்த ஒரு குறும்புதினம். அதில் வரும் ரின்கோன் என்னும் சிறுவன் அழுக்கேறிய பழைய சீட்டுக்கட்டு ஒன்றைக் காட்டிப் பெருமை பேசுகிறான். எங்கே வெட்டினாலும் அடியில் ஏஸ் நிற்கும்படி அவனால் செய்ய முடியும். ஒன்றாகவும் பதினொன்றாகவும் பயன்படக்கூடிய அந்தச் சீட்டு முதலில் வரும் என்று உறுதியாகத் தெரிந்தவனுக்கு எவ்வளவு பெரிய அனுகூலம் என்பது அவன் வாதம். வரப்போகும் சீட்டைப் பற்றிய அறிவே பணம் என்னும் உண்மை அந்தக் கதையிலேயே இருக்கிறது. ஆனால் ரின்கோனின் அறிவு கட்டைக் கெடுத்துப் பெற்ற அறிவு. கட்டைத் தொடாமலே அந்த அறிவைப் பெற முடியுமா என்ற கேள்விக்கு விடை கிடைக்க மேலும் மூன்றரை நூற்றாண்டுகள் ஆயின.

தாயக்கட்டைக்கு நினைவு இல்லை. முந்தைய உருட்டலில் விழுந்தது அடுத்ததைப் பாதிக்காது. சீட்டுக்கட்டு அப்படியன்று. வெளியே வந்த சீட்டு, மறுபடி கலைக்கப்படும் வரை உள்ளே திரும்புவதில்லை. பத்துகளும் படச்சீட்டுகளும் ஏஸ்களும் மிகுதியாக எஞ்சியிருக்கும் கட்டு ஆடுபவருக்குச் சாதகமானது. 16 வைத்திருக்கும் விடுதிக்காரர் விதிப்படி இன்னொரு சீட்டு எடுத்தே தீர வேண்டும். பத்து வந்தால் அவர் கதை முடிந்தது. ஆடுபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மேலும், ஏஸும் பத்து மதிப்புள்ள சீட்டும் சேர்ந்து முதலிரண்டாக வந்தால் ஆடுபவருக்கு ஒன்றரை மடங்கு கிடைக்கும். விடுதிக்கு அந்தச் சலுகை கிடையாது.

முதல் அடித்தளத்தை இட்டவர்கள் சூதாடிகள் அல்லர். மேரிலாந்து மாநிலத்தின் அபர்தீன் ராணுவத் தளத்தில் பணியாற்றிய பால்ட்வின், கேன்ட்டி, மைசெல், மெக்டெர்மட் ஆகிய நால்வர், மேசைக் கணக்கீட்டுப் பொறிகளைக் கொண்டு ஒவ்வொரு கைக்கும் உகந்த முடிவு எது என்று கணக்கிட்டு, 1956இல் அமெரிக்கப் புள்ளியியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியிட்டனர். அவர்கள் கண்டபடி, பிழையின்றி ஆடினால் விடுதியின் அனுகூலம் 0.62 சதவீதம் மட்டுமே. ஆனால் அது முழுக் கட்டுக்கான கணக்கு. ஆட்டம் நகர நகரக் கட்டு மாறுவதை அது கருதவில்லை.

அந்த இடைவெளியைக் கண்டவர் எட்வர்ட் தார்ப். எம்.ஐ.டி.யில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், நால்வரின் விரிவான கணக்குகளைக் கேட்டுப் பெற்று, ஃபோர்ட்ரான் மொழியைத் தாமே கற்று, ஐ.பி.எம். 704 கணினியில் ஒவ்வோர் எண்ணாக நீக்கிப் பார்த்தார். நான்கு ஐந்துகளையும் நீக்கினால் ஆட்டத்தின் அனுகூலமே ஆடுபவர் பக்கம், 3 சதவீதத்துக்கு மேல், சாய்ந்துவிடுகிறது. கட்டுரையைத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழுக்கு அனுப்பிவைத்தவர் தகவல் கோட்பாட்டின் தந்தையான கிளாட் ஷானன். தலைப்பிலிருந்த 'வெற்றி தரும் உத்தி' என்னும் தொடரை 'சாதகமான உத்தி' என்று மாற்றச் சொன்னவரும் அவரே. கழகத்தின் கண்ணியம் கருதிய மாற்றம்தான். எனினும் பொருளில் அதுவே துல்லியமானது. இந்த உத்தி எந்த ஒரு கையிலும் வெற்றியைத் தருவதில்லை. சாய்வை மட்டுமே தருகிறது. சாய்வின் அளவுக்கேற்பப் பணயம் வைக்கும் முறையை 1956இல் வகுத்த ஜான் கெல்லியின் கட்டுரையைத் தார்ப்புக்குக் காட்டியவரும் ஷானனே. 1961இல், இரு செல்வந்தர்களின் முதலீடான 10,000 டாலருடன் நெவாடா சென்ற தார்ப், ஏறத்தாழ 11,000 டாலர் இலாபத்துடன் திரும்பினார். அடுத்த ஆண்டே நூல் வெளிவந்தது.

'சீட்டு எண்ணுதல்' என்ற பெயர் இங்கே பலரை ஏமாற்றிவிடுகிறது. திரைப்படங்கள் காட்டுவதுபோல 52 சீட்டுகளையும் மனத்தில் இருத்தும் அசுர நினைவாற்றல் இதற்குத் தேவையில்லை. ஹார்வி டப்னர் 1963இல் முன்வைத்து, ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜூலியன் பிரான் செம்மைப்படுத்திய முறையில் மூன்றே மதிப்புகள்: 2 முதல் 6 வரையான சீட்டு வெளிவந்தால் ஒன்று கூட்டு, பத்து, படச்சீட்டு, ஏஸ் வந்தால் ஒன்று கழி, 7, 8, 9 வந்தால் விட்டுவிடு. கூட்டப்படுபவை 20, கழிக்கப்படுபவை 20. எனவே கட்டு முழுதும் தீரும்போது கணக்கு பூஜ்யத்தில் வந்து நிற்கும். எண்ணிக்கை என்பதைவிட, பேரேட்டின் நடப்பு இருப்பு என்பதே பொருந்தும். அந்த இருப்பை மீதியுள்ள கட்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் உண்மையான அடர்த்தி கிடைக்கும்: இருப்பு 6, மீதி மூன்று கட்டுகள் எனில் விடை 2.

விடுதிகளின் முதல் எதிர்வினை பதற்றம். 1964 ஏப்ரலில் லாஸ் வேகாஸ் விடுதிகள் விதிகளைக் கடுமையாக்கின. எண்ணத் தெரியாத சாதாரண ஆட்டக்காரர்களும் மேசையை விட்டு நகரவே, சில வாரங்களில் பழைய விதிகளே திரும்பின. பெரும்பாலோர் எண்ணத் தெரியாமலே 'எண்ணி வெல்லலாம்' என்று நம்பி வந்து தோற்றனர். தார்ப்பின் நூலே விடுதிகளுக்குப் பெரும் விளம்பரமாயிற்று என்பது இவ்வரலாற்றின் சுவையான முரண். பாடம் கற்ற விடுதிகள் அதன்பின் விதிகளைக் குறைக்கவில்லை, கட்டுகளைப் பெருக்கின. பிறகு ஆட்டத்தையே மாற்றின.

1995இல் அறிமுகமான 'ஸ்பானிஷ் 21' அவ்வகை மாற்றங்களில் நுட்பமானது. ஒவ்வொரு கட்டிலிருந்தும் எண் 10 எழுதிய நான்கு சீட்டுகள் நீக்கப்படுகின்றன. ராஜா, ராணி, ஜாக் அப்படியே இருக்கின்றன. எஞ்சுபவை 48. பெயர் வெறும் அலங்காரமன்று: ஸ்பெயினின் 48 சீட்டுக் கட்டிலும் ஒன்பதுக்குப் பிறகு நேராக மூன்று படச்சீட்டுகளே வரும். பத்து மதிப்புள்ளவற்றின் பங்கு 52க்கு 16 என்பதிலிருந்து 48க்கு 12 ஆக, அதாவது 30.8 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக, இறங்குகிறது. இந்த இழப்பு கண்ணுக்குப் புலப்படாது. ஈடாகத் தரப்படும் சலுகைகளோ பளிச்சென்று தெரியும்: ஆடுபவரின் 21 எப்போதும் வெல்லும், ஐந்து சீட்டில் 21 அமைந்தால் ஒன்றரை மடங்கு, ஆறில் இரு மடங்கு, ஏழில் மும்மடங்கு.

பழைய கணக்கை அப்படியே இங்கு கொண்டுவருபவர் தடுமாறுவார். கூட்டப்படுபவை இன்னும் 20. கழிக்கப்படுபவை 16 மட்டுமே. கட்டுக்கு நான்கு வீதம், ஆறு கட்டில் 24 மிகும். எதுவுமே நடக்காதபோதும் கட்டு மெல்ல மெல்லச் சாதகமாகி வருவதுபோன்ற மயக்கம் எழும். அதை நம்பிப் பணயத்தை உயர்த்துபவர் பணத்தை இழப்பார். இதற்கான திருத்தம் எளியது: கணக்கைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் −24இலிருந்து தொடங்க வேண்டும். அப்போது கடைசிச் சீட்டு வரும்போது இருப்பு பூஜ்யமாகும். தொடக்கத்திலேயே −24ஐ ஆறால் வகுத்தால் −4. வழக்கமான கட்டை அளவுகோலாகக் கொண்டால் இந்தக் கட்டு எவ்வளவு வறியது என்பதை அந்த எண் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. ஒரு மொழிக்கு வகுத்த இலக்கணத்தை இன்னொரு மொழிமீது ஏற்றும்போது, பிழை மொழியில் இருப்பதாகத் தோன்றுவது போன்றதே இதுவும்.

இத்தனைக்கும் பின்னால் நின்ற கேள்வி சட்டத்தினுடையது: மேசைமீது எல்லோரும் காணக் கிடந்த சீட்டை நினைவில் கொள்வது குற்றமா? நெவாடாவில் கருவியின் துணையின்றி எண்ணுவது குற்றமன்று. ஆனால் எண்ணுபவரை விடுதி வெளியேற்றலாம். நியூ ஜெர்சியில் கென் ஊஸ்டன் தொடுத்த வழக்கில் அம்மாநில உச்ச நீதிமன்றம் 1982இல் வேறு விதமாகத் தீர்ப்பளித்தது: ஆட்டவிதிகளை வகுக்கும் அதிகாரம் ஆணையத்துக்கே உரியது, எண்ணுகிறார் என்பதற்காக ஒருவரை விலக்க விடுதிக்கு உரிமையில்லை. இந்தியாவில் இதே நினைவாற்றல் முற்றிலும் வேறோர் இடத்தைப் பெற்றது. ஆந்திரத்திலிருந்து வந்த வழக்கொன்றில், 1967இல், ரம்மி வெறும் வாய்ப்பாட்டம் அன்று என்று கூறிய உச்ச நீதிமன்றம், விழும் சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியிருப்பதையே திறனுக்கான காரணங்களுள் ஒன்றாகச் சுட்டியது. ஒரு நாட்டில் ஆட்டத்தைச் சூதிலிருந்து மீட்ட அதே திறன், இன்னொரு நாட்டில் ஆடுபவரை வாசலுக்கு அனுப்பியது. ரம்மியில் எதிரே இருப்பவர் இன்னோர் ஆட்டக்காரர். இருபத்தொன்றில் எதிரே இருப்பது மேசையின் உரிமையாளர். வேறுபாட்டின் வேர் அங்கேதான்.

அட்லாண்டிக் சிட்டி விடுதிகள் ஊஸ்டனை வெளியே தள்ள முடியாதபோது கட்டுகளைக் கூட்டின. பின்வந்த தொடர் கலைப்புப் பொறி, ஆடி முடித்த சீட்டுகளை அந்தக் கை முடிந்தவுடனே மீண்டும் உள்ளே வாங்கிக் கலைத்துவிடுகிறது. அந்த மேசையில் எண்ணுபவரை யாரும் தடுப்பதில்லை.