செங்கல்பட்டுச் சமூகத்தை அறிய உதவும் நூல்கள்

செங்கல்பட்டு வட்டார மக்களின் நிலவுடைமை, சாதி, தொழில், அன்றாட வாழ்க்கை ஆகியவற்றை விளக்கும் நூல்களும் அறிக்கைகளும் பதினெட்டாம் நூற்றாண்டு முதல் கிடைக்கின்றன. பழைய செங்கல்பட்டு மாவட்டம் சென்னையைச் சூழ்ந்து பரந்திருந்தது. 1997இல் அது காஞ்சிபுரம், திருவள்ளூர் என இரண்டாகப் பிரிந்தது. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமாயிற்று. எனவே பழைய நூல்களில் வரும் 'செங்கல்பட்டு' இன்றைய மாவட்டத்தைவிட மிகப் பெரியது. நிலம் யாருடையது, அதில் உழைத்தவர் யார், விளைந்தது யாருக்குப் போயிற்று என்ற கேள்விகளே இந்நூல்களுள் பெரும்பாலானவற்றின் மையம்.

ஓலைக் கணக்குகளும் வரி அறிக்கைகளும்

1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இப்பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வரி வசூலிக்கும் உரிமையுடன், கொடுத்தார். அதைத் தொடர்ந்து 1767 முதல் 1774 வரை பொறியாளர் தாமஸ் பர்னார்டு சுமார் 2,000 ஊர்களின் விவரங்களைத் திரட்டினார். ஊர்க் கணக்கர்கள் தமிழில் எழுதிய ஓலைகளின் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் உள்ளது. ஏரி, குளம், தோப்பு, நன்செய், புன்செய், வீடுகள் என ஊர் முழுவதையும் இவை பதிவு செய்கின்றன. களத்தில் நெல்லைப் பங்கிடும்போது கோயில், கணக்கர், தச்சர், கொல்லர், வண்ணார், வெட்டியார் ஆகியோருக்கு அளக்க வேண்டிய பங்கும் தனித்தனியே குறிக்கப்பட்டிருக்கிறது. காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் இந்த ஆவணங்களை ஆய்வுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். ஜிதேந்திர பஜாஜும் எம்.டி. சீனிவாசும் திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகளை விரிவாக ஆராய்ந்தனர்.

1794 முதல் 1798 வரை ஆட்சியராக இருந்த லயனல் பிளேஸ் 1799இல் அளித்த அறிக்கை, பரம்பரை நில உரிமையாளர்களான மிராசுதாரர்களின் உரிமைகளையும் ஏரிப் பாசனத்தையும் விவரிக்கிறது. மிராசு முறை பற்றி எஃப்.டபிள்யூ. எல்லிஸ் எழுதிய விளக்கம் 1818இல் அச்சாயிற்று. சி.எஸ். குரோல் தொகுத்த மாவட்டக் கையேடு 1879இல் வெளிவந்தது. மூன்றும் வரி வசூலிக்கும் அரசின் தேவைக்காக எழுந்தவை. காணி எனப்பட்ட அந்நில உரிமையை வைத்திருந்தவர்களின் வாதங்களே அவற்றில் ஓங்கி ஒலிக்கின்றன. பண்ணையாள்களான படியாள்கள் அவற்றில் பெரும்பாலும் உழைப்பாளர் எண்ணிக்கையாகவே வருகிறார்கள்.

சேரிகளின் நிலம்

படியாள்களைப் பற்றிய அந்த மௌனத்தை அரசுக்குள்ளிருந்தே உடைத்தவர் ஆட்சியர் ஜே.எச்.ஏ. டிரமென்ஹீர். செங்கல்பட்டுப் பறையர்களின் நிலை பற்றி அவர் எழுதிய குறிப்பு, அவர்கள் தரிசு நிலம் கேட்டு விண்ணப்பித்தபோது மிராசுதாரர்கள் எழுப்பிய தடைகளையும், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாத அவலத்தையும் எடுத்துக்காட்டியது. அதன் பின் 1892இல் பிறந்த அரசாணையே, ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படை எனப் போற்றப்படுகிறது. இந்த வரலாற்றைச் சென்னை மாகாணம் முழுமைக்குமாக ஆராயும் நூல் ரூபா விஸ்வநாத்தின் 'தி பறையா பிராப்ளம்' (2014).

அதே காலத்தை ஒடுக்கப்பட்டவர் தரப்பிலிருந்து காட்டுவது இரட்டைமலை சீனிவாசனின் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' (1939). இவர் மதுராந்தகம் வட்டம் கோழியாளத்தில் பிறந்தவர். 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். டிரமென்ஹீரின் குறிப்பையும் இந்தத் தன்வரலாற்றையும் அடுத்தடுத்து வாசிப்பவருக்கு, மனு எழுதியவர்களும் அதைப் பரிசீலித்தவர்களும் ஒருசேரத் தெரிவார்கள்.

அக்கதை பழங்கதையாகிவிடவில்லை. பஞ்சமி நிலங்களை மீட்கக் கோரிக் காரணை கிராமத்தை ஒட்டி எழுந்த போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூடு ஜான் தாமஸ், ஏழுமலை ஆகியோரின் உயிரைப் பறித்தது.

கள ஆய்வுகள்

மானிடவியலாளர் ஜோன் மெஞ்சர் இம்மாவட்ட ஊர்களில் தங்கி, வேளாண்மைக்கும் சமூக அமைப்புக்கும் உள்ள உறவை ஆராய்ந்தார் (1978). சாதியைக் கீழிருந்து பார்த்தால் அது உழைப்பைச் சுரண்டும் ஏற்பாடாகவே தெரியும் என்பது அவர் முடிவு. எண்டவூரில் ஆய்வு செய்த மைக்கேல் மொஃபாட், சேரிக்குள்ளும் ஊரின் சாதி அடுக்குகள் திரும்ப உருவாவதாக 1979இல் வாதிட்டார். இவ்விருவருள் ஒருவரை மட்டும் வாசித்து நிறுத்துவது தவறான படத்தையே தரும். வரலாற்றாய்வாளர் யூஜின் இர்ஷிக் 1994இல் எழுதிய 'டயலாக் அண்ட் ஹிஸ்டரி', மரபு என்று நாம் நம்பும் பலவும் ஆட்சியாளரும் உள்ளூராரும் நடத்திய நெடிய உரையாடலில் உருவானவை எனக் காட்டுகிறது.

கடற்கரை வாழ்க்கை

சோழமண்டலக் கரையின் மீன்பிடி மோதல்களையும், மீனவச் சமூகமான பட்டினவரின் ஊர்ப் பஞ்சாயத்துகள் கடலுக்கு வகுக்கும் விதிகளையும் மார்டென் பாவிங்கின் நூல் (2001) விளக்குகிறது. வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பழங்குடியினரின் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தின் பின்னணியை அறிய, பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் பற்றி ஜாய் விட்டேக்கர் எழுதிய 'ஸ்னேக்மேன்' உதவும். மாமல்லபுரத்துக் கல்தச்சர்களின் அறிவு மரபை வை. கணபதி ஸ்தபதியின் 'சிற்பச் செந்நூல்' முறைப்படுத்தித் தருகிறது. சா. பாலுசாமியின் 'அர்ச்சுனன் தபசு' அங்குள்ள பல்லவர் காலப் பெரும் புடைப்புச் சிற்பத்தை நுணுக்கமாக ஆராய்கிறது.

பாலஸ்தீன முன்மாதிரி

இதுவரை கண்ட நூல்களுள் பெரும்பாலானவை வெளியார் எழுதியவை; நிலம் இழந்த மக்கள் தங்கள் ஊர்களைத் தாங்களே எழுதியதற்குப் பாலஸ்தீனம் சிறந்த சான்று. 1948 போரில் அழிக்கப்பட்ட, மக்கள் வெளியேற்றப்பட்ட 418 ஊர்களை வாலித் காலிதி தொகுத்த 'ஆல் தட் ரிமெய்ன்ஸ்' (1992) பதிவு செய்கிறது. அகதிகளே எழுதிய ஊர் நினைவு நூல்களை ரோஷெல் டேவிஸ் 2011இல் ஆராய்ந்தார். கிணறு, தோட்டம், குடும்பம், திருமணச் சடங்கு ஆகியவை அந்நூல்களில் விரிவாக இடம்பெறுகின்றன. பாலஸ்தீனக் குரலைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் இலங்கைக் கவிஞர் எம்.ஏ. நுஃமான்; அவர் மொழிபெயர்த்த 'பாலஸ்தீனக் கவிதைகள்' 1981இல் வெளியாயிற்று.

செங்கல்பட்டு பற்றிய முக்கிய நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில், வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதியவை. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய வயல்கள் மனைகளாக மாறிவரும் இக்காலத்தில், சேரியிலும் குப்பத்திலும் இருளர் குடியிருப்பிலும் வாழ்வோர் தம் ஊரைத் தாமே தமிழில் எழுதும் நூல்களே இவ்வரிசைக்கு உடனடித் தேவை.