தாத்தாவின் கிராண்ட்

மலேசியத் தமிழில் 'கிராண்ட்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நிலப் பத்திரமும் கிராண்ட்தான், வண்டியின் பதிவு அட்டையும் கிராண்ட்தான். மலாய்க்காரர்களும் இரண்டையும் 'கெரான்' என்றே சொல்கிறார்கள். ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டிய என் தாத்தாவிடம் முதல் வகைக் கிராண்ட் கடைசிவரை இல்லை. இரண்டாவது இருந்தது. 1978ஆம் ஆண்டு ஹோண்டா சி70, மலாக்காவின் 'எம்' எழுத்தில் தொடங்கும் எண்.

தாத்தா இறந்த பிறகு அதை மாமா ஓட்டினார். ஒரு மழை இரவில் வண்டியோடு சாலையோரக் கால்வாயில் விழுந்தார். மாமாவின் தோள் ஆறு வாரத்தில் தேறிவிட்டது. வண்டி பதினொரு வருடம் பாட்டி வீட்டுக் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. முன் ஃபோர்க் வளைந்திருந்தது. கால்மறைப்பு பிளாஸ்டிக் சிதறியிருந்தது. இரண்டு கால்களையும் வைக்கும் கம்பி கப்சாயில் என்ஜினின் அடியிலேயே போல்ட்டால் முடுக்கப்பட்டிருக்கும். அந்தக் கம்பி கால்வாய்ச் சுவரில் இடித்ததில் என்ஜின் கூட்டின் இடது பாதி விரிசல் விட்டிருந்தது.

"தம்பி, சீனா என்ஜின் முழுசா கிடைக்குது. அரை நாள்ல மாட்டிடலாம். எதுக்கு இதப் போட்டு நோண்டுற?" என்றார் பட்டறை அண்ணன்.

அவர் சொன்னது சரிதான். நான் படித்த பொறியியலும் அதையேதான் சொல்லும். ஆனால் ஒரு ஜப்பானிய வண்டியில் சீன என்ஜின் ஏன் அப்படியே போய் உட்காருகிறது என்பதே ஒரு வரலாறு.

1958 ஆகஸ்டில் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் வண்டியை வெளியிட்டது. கிளட்ச் பிடி கிடையாது. உணவு கொண்டுபோகும் பையன் ஒரு கையால் ஓட்ட வேண்டும் என்பது அதன் வடிவமைப்பு நோக்கங்களில் ஒன்று. மலாயாவில் அதைப் பரப்பியவர் பினாங்கின் லோ பூன் சியூ. சீனாவிலிருந்து சிறுவனாக வந்து பட்டறையில் தொழில் கற்றவர். 'கப்' என்பதோடு சின்னதைக் குறிக்கும் சீனச் சொல் 'சாய்' சேர்ந்து கப்சாய் ஆனது. அடிப்படை அமைப்பு பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறவில்லை. பல நாட்டுக் கம்பெனிகள் அதைப் பார்த்துச் செய்ததால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. 2017இல் கப் குடும்பத்தின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தாண்டியது.

துரைமார் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. பிஎஸ்ஏ 1970களின் தொடக்கத்தில் சரிந்தது. ராயல் என்ஃபீல்டு மட்டும் வேறு கதை. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கியது. இங்கிலாந்தில் தொழிற்சாலை மூடிய பிறகும் மெட்ராஸில் உற்பத்தி நிற்கவில்லை. ஒரு வண்டி அது பிறந்த ஊரில் செத்து, போன ஊரில் பிழைத்துக்கொண்டது.

நம் ஆட்கள் போன ஊரில் பிழைத்த கதை இவ்வளவு சுலபமானதல்ல. மலாயாவின் முதல் வணிக ரப்பர் நடவு மலாக்காவில்தான் நடந்தது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பின்னால் பெருகிய தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பலர் ஒரே நாளில் இரண்டையும் இழந்தார்கள். அதற்குப் பதிலாகத்தான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி கட்டி, தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்கும் திட்டம். 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. ஏராளமானோர் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். தாத்தாவின் அண்ணனும் அப்போது கப்பலேறியவர்தான்.

இந்தப் பின்னணியில்தான் தாத்தா தவணையில் கப்சாய் வாங்கினார். காலையில் பெரட்டுக்கும் பால் காட்டுக்கும் போனது. தோட்டத்துக் கடையை விட்டு ஜாசின் சந்தையில் சாமான் வாங்க வைத்தது. அம்மாவை டவுன் இடைநிலைப்பள்ளியில் கொண்டுபோய் விட்டது. பிறகு பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். லயத்தைக் காலி செய்த அன்று தாத்தாவின் பெயர் இருந்த ஒரே சொத்துப் பத்திரம் அந்த வண்டியுடையதுதான்.

வேறு என்ஜின் போடலாம், சட்டம் தடுக்கவில்லை. ஜேபிஜேயில் அனுமதி வாங்கி, புஸ்பாகோமில் சோதனை முடித்து, கிராண்டில் புது எண்ணை ஏற்ற வேண்டும். ஆனால் பழைய எண் அந்த விரிசல் விட்ட இடது பாதியில்தான் அடிக்கப்பட்டிருந்தது. அதைத் தூக்கிப்போட எனக்கு மனசு வரலை.

மற்ற பாகங்களைத் தேடி அலைந்தேன். ஃபோர்க் தம்பினில் ஒரு பொத்தோங் கடையில் கிடைத்தது. கால்மறைப்பு புதுசு. சிலிண்டரில்தான் ஏமாந்தேன். பிஸ்டன் தலையில் '1.00' என்று இருந்தது. மறு துளையிடலில் கடைசி அளவு அது. தாத்தா அதைத் தேயத் தேய ஓட்டியிருக்கிறார். மாற்றாக, சி70 போலவே 47 மில்லிமீட்டர் விட்டம் என்று நம்பி ஒரு சி90 சிலிண்டர் வாங்கினேன். விட்டம் ஒன்றுதான், ஆனால் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் சி70இல் 41.4, சி90இல் 49.5. உயரம் ஒத்துவரவில்லை. அண்ணன் சிரித்தார். "யுனிவர்சிட்டில இதெல்லாம் சொல்லித் தரலையா?"

விரிசலை ஆர்கன் வெல்டிங்கில் ஒட்டினோம். நாற்பது வருட எண்ணெய் ஊறிய அலுமினியம். முதல் தடவை ஒட்டு முழுக்கக் குமிழி. சூடாக்கி எண்ணெயைக் கசியவிட்டு, சுரண்டி, மறுபடி ஒட்டினார்கள். வெப்பத்தில் வளைந்த விளிம்பைக் கண்ணாடிமேல் மணல்தாள் வைத்து நானே தேய்த்துச் சமமாக்கினேன். எண்ணின் பக்கம் தீ போகவில்லை.

பின்னால் பால் வாளி மாட்டத் தாத்தா தோட்டத்து வெல்டரிடம் சொல்லி வைத்த இரண்டு கொக்கிகளை அப்படியே விட்டேன். அது எந்தக் கம்பெனிப் பட்டியலிலும் இல்லாத பாகம்.

வண்டி இப்போது ஓடுகிறது, பாட்டி வீட்டு வாசலில் மட்டும். சாலைக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் இறந்தவரின் பெயரிலிருந்து வாரிசின் பெயருக்கு மாற்றியாக வேண்டும். எண்ணைக் காப்பாற்றிவிட்டேன், பெயர் எப்படியும் போகத்தான் போகிறது. மூன்று மாதமாகத் தள்ளிப்போடுகிறேன்.

"மாத்துடா. அவரு ஓட்டத்தான வாங்குனாரு" என்கிறார் பாட்டி.

அடுத்த வாரம் ஜேபிஜேக்குப் போகிறேன்.