காரியமாக வருகிறவர்களின் தெரு: மலாக்காவின் பழைய அலுவலகங்களும் ஐந்தடிப் பாதைகளும்

மலாக்கா ஆற்றங்கரையில் டச்சுக்காரர்கள் 1650 வாக்கில் எழுப்பிய ஸ்டாட்ஹைஸ், முதலில் ஆளுநரின் மாளிகையாகவும் அலுவலகமாகவும் இருந்தது. ஆங்கிலேயர் காலத்திலும் சுதந்திரத்துக்குப் பிறகும் அரசு அங்கிருந்து நடந்தது. 1970களின் இறுதியில் மாநில அலுவலகங்கள் வெளியேறின. 1982இல் கட்டடம் அருங்காட்சியகமாயிற்று. இன்று மாநில நிர்வாகம் ஆயர் குரோவில், நெடுஞ்சாலைக்கு அருகில், கார் வைத்திருப்பவருக்கு வசதியான தொலைவில் அமைந்திருக்கிறது.

இந்த இடமாற்றம் தெருவின் குணத்தையும் மாற்றியது. அலுவலகம் இருந்தவரை ஸ்டாட்ஹைஸின் முன்னுள்ள செஞ்சதுக்கத்தைச் சுற்றி நடந்தவர்களில் பெரும்பாலோர் காரியமாக வந்தவர்கள். அலுவலகம் போனபின் அந்த இடத்தைச் சுற்றுலாப் பயணிகள் நிரப்பினர். ஜார்ஜ் டவுனுடன் சேர்ந்து மலாக்கா 2008 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அதன் மையப் பகுதி 45.3 ஹெக்டேர், சுற்றியுள்ள காப்பு மண்டலம் 242.8 ஹெக்டேர். அதற்குப் பிறகு நடைபாதை பற்றிய பேச்சு பெரும்பாலும் மையப் பகுதியின் அழகைச் சுற்றியே நிற்கிறது. பழைய அலுவலகக் கட்டடங்களைச் சுற்றிய தெருக்களைத் திருத்தும்போது, படம் எடுக்க வருகிறவரின் வசதிக்கு முன்னால் காரியமாக வருகிறவரின் வசதியை வைக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அப்படி வருகிறவர் யார்? ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் பஸ் ஏறி வரும் தோட்டத்துக் குடும்பம் ஓர் உதாரணம். இம்மாநிலத் தோட்டங்களின் வரலாறு நீண்டது. மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் பயிரிடுவது புக்கிட் லிந்தாங்கில் 1896இல் டான் சாய் யான் கையால் தொடங்கியது. அடுத்து புக்கிட் அசகான் வந்தது. தோட்டங்கள் பெருகியபோது பால்மரம் வெட்டியவர்களில் தமிழர்களே மிகுதி. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம் போன்ற காரியங்களுக்கு நகருக்கு வருகிறார்கள். இறங்கும் இடம் மலாக்கா சென்ட்ரல், நகர மையத்திலிருந்து தள்ளி. வெயிலில் பாட்டியைக் கைப்பிடித்து அழைத்து வரும் ஒருவருக்கு எஞ்சிய தூரத்தை எப்படிக் கடப்பது என்பது பெரிய கேள்வி.

அரசு அலுவலகங்களை நகருக்குள் கொண்டுவரும் நல்ல முயற்சி ஒன்று நடந்தது. நாட்டின் முதல் நகர்ப்புற உருமாற்ற மையம் 2012 ஜூனில் இங்கேதான், ஜாலான் ஹங் துவாவில், திறக்கப்பட்டது. பல இலாகாக்களின் சேவை ஒரே கூரையின் கீழ் கிடைத்தது. கட்டடத்துக்குள் இப்படி யோசித்தவர்கள், வாசலுக்கு வெளியே உள்ள தெருவையும் சேர்த்தே யோசித்திருக்க வேண்டும். அங்கிருந்து லிட்டில் இந்தியாவான ஜாலான் பெண்டஹாராவுக்குப் போக, வாகனம் நிறைந்த ஜாலான் முன்ஷி அப்துல்லாவைக் கடந்தாக வேண்டும். அலுவலகம், கடைத்தெரு, கோயில் மூன்றும் ஒரே நாளில் முடிக்க வேண்டிய வேலைகள். தெருவோ அவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது.

பணம் இல்லை என்று சொல்வதற்கில்லை. ஆற்றோரமாக ஓட 1.59 கோடி ரிங்கிட் செலவில் கட்டப்பட்ட மோனோரயில் 2010 அக்டோபர் 21 அன்று தொடங்கி, மறுநாளே நின்றது. மீண்டும் ஓட 2017 ஆயிற்று. ஒரு கிலோமீட்டர் நிழற்பாதைக்கும் பாதுகாப்பான சாலைக் கடப்புகளுக்கும் இவ்வளவு செலவாகாது. பழுதாகி நிற்க அவற்றில் எந்திரமும் இல்லை.

வழிமுறையும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. கடைவீடுகளின் முன்னால் கூரையிட்ட ஐந்தடிப் பாதை, மழையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் இந்த மண்ணுக்கே உரியது. ராஃபிள்ஸ் 1822இல் சிங்கப்பூர் நகரத் திட்டத்தில் இதைத் தொடர்ச்சியாக அமைக்கச் சொன்னார். மலாக்காவின் பழைய தெருக்களில் அந்தத் தொடர்ச்சிதான் இல்லை. ஒரு வீட்டு முகப்பு ஓரடி உயரம், அடுத்தது தாழ்வு; இடையில் சுவர், பூத்தொட்டி, மோட்டார் சைக்கிள். சக்கர நாற்காலி ஏறாது. பொது இடத்தை அடைப்பதைத் தடுக்கும் 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டமும், உடற்குறையுள்ளோர் பொது வசதிகளை அணுகும் உரிமையைச் சொல்லும் 2008ஆம் ஆண்டுச் சட்டமும் நடைமுறையில்தான் இருக்கின்றன.

ஆனால் சட்டத்தை மட்டும் காட்டிப் பாதையைக் காலி செய்வது ஆபத்து. சிங்கப்பூர் நகராட்சி 1888 பிப்ரவரியில் ஐந்தடிப் பாதைகளிலிருந்த கடைப்பொருள்களை அகற்ற முனைந்தபோது வியாபாரிகள் கடையடைத்தனர், கலகம் மூண்டது. சென்னை தியாகராய நகர் அந்த அளவுக்குப் போகவில்லை. அங்குள்ள பாண்டி பஜாரின் நடைபாதை வியாபாரிகளுக்கு 2013இல் தனி வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். 2014இல் மாநகராட்சி நடப்போருக்கும் சைக்கிள் ஓட்டுவோருக்குமான கொள்கையை ஏற்றது. பஜாரில் அகலமான நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. வியாபாரிக்கு முதலில் இடம், நடப்பவருக்குப் பிறகு பாதை என்ற இந்த வரிசை மலாக்காவுக்கும் பொருந்தும். ஜாலான் பெண்டஹாராவின் மாலைக்கடைகளும் மளிகைக்கடைகளும் அத்தெருவின் உயிர். அவற்றைத் துரத்திவிட்டு நடைபாதை போடுவதில் பயனில்லை.

கார்கள் விலகிய தெரு மலாக்காவுக்குப் புதிதும் அல்ல. 2000ஆம் ஆண்டிலிருந்து ஜொங்கர் தெரு வார இறுதி இரவுகளில் நடப்பவருக்கு உரியது. ஜாலான் துக்காங் எமாஸில் 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் உள்ளது. மாசி மகத்தின்போது அங்கிருந்து செங் பகுதியிலுள்ள சன்னாசிமலைக்கு ரதம் போகும் வழியில் வாகனங்கள் ஒதுங்கி நிற்கின்றன. திருவிழாவுக்கு முடிந்தது, வாரநாள் காலையில் அலுவலகத்துக்கு வரும் மூதாட்டிக்கும் முடியும்.

மலாக்கா மாநகர் மன்றம் அடுத்த திட்டத்தை செஞ்சதுக்கத்தில் தொடங்காமல், ஜாலான் ஹங் துவா அலுவலக மையத்தின் வாசலில் தொடங்கட்டும். அங்கிருந்து ஜாலான் பெண்டஹாரா வரை மேடுபள்ளமில்லாத, கூரையுள்ள, வழியில் எங்கும் அறுபடாத ஒரு பாதையை முதலில் முடித்துத் தர வேண்டும். திட்ட வரைபடம் மக்கள் கருத்துக்கு வைக்கப்படும்போது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும், கோயில் நிர்வாகங்களும், பெண்டஹாரா வியாபாரிகளும் தங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுக்க வேண்டும்.