வண்டலூரில் பிறந்த வளையம்

காஞ்சிபுரத்தின் மிகப் பழைய வண்டிகளுக்கு ஸ்டியரிங் கிடையாது. வைகாசிப் பிரம்மோற்சவத்தில் வரதராஜப் பெருமாள் தேர் ராஜவீதி முனையில் திரும்புவது முட்டுக்கட்டை போடுகிறவர்களின் கைத்திறமையால்தான். 1960-களில் தமிழ்நாட்டுச் சாலைகளுக்கு வந்த ஒரு சின்னக் கார், சுமார் 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிக் காட்டியது. அதுதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. நெசவாளர் தெருக்கள் போன்ற குறுகலான வீதிகளுக்கென்றே செய்த மாதிரி இருந்த அந்தக் காரின் ஸ்டியரிங் சக்கரத்துக்கு நீண்ட கதை உண்டு.

காரின் பூர்வீகம் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரம். அங்கே 1959-ல் ட்ரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் அது வெளிவந்தது. உடலை வரைந்தவர் இத்தாலிக்காரரான ஜொவான்னி மிக்கெலொட்டி. 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், 948 சிசி எஞ்சினுடன் 1961-ல் அதை இங்கே தயாரிக்க ஆரம்பித்தது. தொழிற்சாலை இருந்தது வண்டலூரில். 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும்வரை வண்டலூர் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த வகையில் ஹெரால்டைக் காஞ்சிக்காரர்கள் சொந்தம் கொண்டாடலாம்.

புது வண்டி வந்ததும் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், ஸ்டியரிங்கின் நடுவில் சந்தனமும் குங்குமமும். அன்று தொடங்குகிறது சக்கரத்தின் உழைப்பு. காரில் வேறெந்தப் பாகத்தையும் ஓட்டுநரின் கை இவ்வளவு நேரம் பிடித்திருப்பதில்லை. வியர்வை, தலையில் தடவிய தேங்காயெண்ணெய், கத்திரி வெயில் எல்லாம் அதன்மேல் இறங்குகின்றன. முதலில் பளபளப்பு போகும், பிறகு கை வைத்தால் பிசுபிசுக்கும், கடைசியில் விரிசல் விழும். பலர் அதன்மேல் பிளாஸ்டிக் ஒயரையோ ரெக்ஸின் உறையையோ சுற்றி மறைத்துவிட்டு ஓட்டினார்கள். உறைக்குள்ளே விரிசல் வளர்ந்துகொண்டே இருந்தது.

காரணம் எளிது. அந்தக் காலத்து ஸ்டியரிங் சக்கரங்கள் பலவற்றில் உள்ளே இரும்புச் சட்டம், மேலே வார்த்த கெட்டிப் பிளாஸ்டிக். வெயிலில் இரண்டும் ஒரே அளவாக விரிவதில்லை. வருடங்கள் போகப் போகப் பிளாஸ்டிக் காய்ந்து சுருங்கும். உள்ளே இருக்கும் இரும்பு சுருங்காது. இழுபறி தாங்காமல், ஆரக்கால் வளையத்தோடு சேரும் இடத்தில் முதலில் பிளக்கும். கோர்வை போட்டு நெய்த காஞ்சிப் பட்டில் சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்பார்கள். இங்கே கோர்வைதான் முதலில் விட்டுப்போகிறது. விரிசல் வழியே ஈரம் இறங்கி இரும்பு துருப்பிடித்தால் பிளவு இன்னும் அகலும்.

ஹெரால்டு போய், 1972-ல் அதே கம்பெனியின் கெசல் கார் வந்தது; 1977-ல் அதுவும் நின்றது. 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000 மூன்றாண்டில் முடிந்தது. கம்பெனி நின்றதும் உதிரிபாகமும் நின்றது. ஹெரால்டு வைத்திருந்தவர்கள் சென்னை புதுப்பேட்டையில் பழைய பாகக் கடைகளைத் தேடி அலைந்தார்கள். கிடைக்காதபோது வேறு காரின் சக்கரத்தை மாட்டும் ஆசை வரும். இதில்தான் ஆபத்து. சக்கரத்தின் நடுத்துளையில் உள்ள பற்கள் ஸ்டியரிங் தண்டின் பற்களோடு அச்சாகப் பொருந்த வேண்டும். பொருந்தாததை வெல்டிங் வைத்து ஒட்டவைப்பது உயிரோடு விளையாடுவது. இங்கிலாந்தின் ட்ரையம்ப் ஹெரால்டுக்கு இன்றும் பாகங்கள் விற்கிறார்கள். வரவழைக்கும் முன் தண்டின் பற்களை அளந்துகொள்ள வேண்டும்.

இரும்புச் சட்டம் நன்றாக இருந்தால் பழைய சக்கரத்தையே மீட்டுவிடலாம். முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். ஹார்ன் பட்டனை எடுத்துவிட்டு, தண்டிலும் சக்கரத்திலும் நேர்க்கோடாக அடையாளம் இட வேண்டும். நட்டைத் தளர்த்தலாம், ஆனால் முழுதும் எடுக்கக் கூடாது. புல்லர் போட்டு இழுக்கும்போது சக்கரம் திடீரென விடுபட்டு முகத்தில் அடிக்காமல் தடுப்பது அந்த நட்டுதான். சுத்தியலால் தட்டவே கூடாது. ஹெரால்டின் தண்டு, மோதினால் உள்ளே சுருங்கும்படி செய்யப்பட்டது. தட்டினால் அதற்குத்தான் கேடு.

அடுத்தது சுத்தம். சோப்புத் தண்ணீரில் பல தடவை கழுவி எண்ணெய்ப் பிசுக்கை எடுக்காவிட்டால் மேலே எதுவும் ஒட்டாது. ஹாக்ஸா பிளேடால் ஒவ்வொரு விரிசலையும் ‘வி’ வடிவத்தில் இரும்பு தெரியும்வரை அகலப்படுத்த வேண்டும். மெல்லிய விரிசல்தானே என்று மேலே மட்டும் பூசினால் அடுத்த கோடையில் அதே இடத்தில் வெடிக்கும். துருவைச் சுரண்டிவிட்டு, இரண்டு பொருள் கலந்து பூசும் எபாக்சியை மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும்படி நிரப்ப வேண்டும். ஒருநாள் முழுக்க இறுகியபின் அரம், அதன்பின் முரட்டு எமரித்தாள், பிறகு நைஸ் எமரித்தாள். விரல் பிடிக்கும் பள்ளங்கள் சக்கரத்தின் பின்பக்கத்தில் இருக்கும். அவற்றின் வடிவம் கெடாமல் தேய்ப்பதில்தான் பொறுமை தெரியும். பிரைமர் அடித்ததும் கண்ணுக்குத் தப்பிய கீறல்கள் வெளிச்சத்தில் தெரியும். அங்கே பட்டி பூசி, மறுபடி தேய்க்க வேண்டும். கடைசியில் பெயின்ட், மெல்லிய பூச்சுகளாக. அது நன்றாகக் காய்ந்து இறுகும்வரை வண்டியை எடுக்கக் கூடாது.

இவ்வளவு பாடுபட்டாலும் எல்லாச் சக்கரத்தையும் காப்பாற்ற முடியாது. இரும்புச் சட்டமே பிளந்திருந்தாலோ, வளைந்திருந்தாலோ, நடுவில் பற்கள் தேய்ந்து சக்கரம் ஆடினாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். தாத்தா பிடித்த சக்கரம் என்ற பாசத்துக்கு அங்கே இடமில்லை. அதை வீட்டில் மாட்டி வைக்கலாம், காரில் வைக்கக் கூடாது.

இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் பெரிய கார் ஆலைகள் இருக்கின்றன. 2019 முதல் ஓட்டுநர் பக்க ஏர்பேக் கட்டாயம். புதுக் காரின் ஸ்டியரிங்குக்குள் அது மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தெருமுனைப் பட்டறையில் பிரிக்கவே கூடாது. ஹெரால்டு சக்கரம் அப்படியல்ல. எமரித்தாளும் எபாக்சியும் பொறுமையும் இருந்தால் மறுபடி ஓடும். எனவே பழைய கார் வைத்திருப்பவர்களே, பளபளப்பான புதுச் சக்கரத்தை வாங்கும் முன் உறையைக் கழற்றி உள்ளே பாருங்கள். பிளாஸ்டிக் மட்டும் விரிசல் விட்டிருந்தால் சரிசெய்யுங்கள். இரும்பு போயிருந்தால் தயங்காமல் மாற்றுங்கள்.