பாவையின் உள்ளமைப்பு: கணினி அசைவூட்டத்தில் உழைப்பின் வரலாறு

கலைப்படைப்பொன்றினைக் கண்ணுக்குத் தோன்றுவனவற்றைக் கொண்டே மதிப்பிடும் போக்கு நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. கணினி அசைவூட்டப் படங்களைப் பொறுத்தவரையில் இது மேலும் வலுப்பெறுகின்றது. திரையிலே பாவை நடக்கின்றது, சிரிக்கின்றது, அழுகின்றது. அதனை அசையச் செய்யும் உள்ளமைப்போ திரையில் ஒருபோதும் தோன்றுவதில்லை. ரிக்கிங் என வழங்கும் அவ்வமைப்பு எவ்வாறு உருவாயிற்று, எத்தகைய உழைப்பினை அது தன்னுட் கொண்டுள்ளது என்பவற்றை வரலாற்று நோக்கிலே ஆராய்வது பயனுடைத்து.

கையால் வரையப்பட்ட படங்களிலே பாவைக்குத் தனியான என்புக்கூடு இருக்கவில்லை. உடல் எங்கே மடியும், எங்கே நீளும் என்ற அறிவு ஓவியனின் கையிலேயே உறைந்திருந்தது. 1933ஆம் ஆண்டு வெளிவந்த 'கிங் கொங்' போன்ற படங்களிலோ, பொம்மையினுள்ளே மூட்டுக்கள் பொருந்திய உலோகக் கூடொன்று வைக்கப்பட்டது. அதனைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் படம்பிடித்தனர். கைத்திறனின் ஒரு பகுதி கருவியாக வெளியே வந்து நின்றமையை இங்கு காண்கிறோம்.

கணினியில் இதன் தொடக்கத்தை எழுபதுகளிலே காணலாம். 1972இல் அமெரிக்காவின் யூற்றாப் பல்கலைக்கழகத்திலே எட்வின் கற்மல், பிரெட்றிக் பார்க் ஆகியோர் மனிதக் கையொன்றினைக் கணினியில் அசையச் செய்தனர். கனடாவின் தேசிய ஆராய்ச்சிச் சபையைச் சேர்ந்த பேர்ட்னிக், வைன் என்போர் உருவாக்கிய முறையைக் கொண்டு பீற்றர் போல்டிஸ் 'பசி' எனப் பொருள்படும் குறும்படத்தை ஆக்கினார். உண்டு கொழுத்த ஒருவனை இறுதியிற் பசித்தோர் விழுங்குவதைச் சித்திரிக்கும் அப்படம் 1974இல் கான் விழாவிலே பரிசு பெற்றது. இரு ஓவியங்களுக்கு இடைப்பட்டவற்றைக் கணினியே வரைந்தது. ஆயினும் இடைப்படங்களை வெறுமனே கணிப்பதால் அசைவினை நுட்பமாக ஆளமுடியவில்லை. எனவே, 1976இல் அவ்விருவரும் ஓவியத்துக்குள் என்புக்கூடொன்றினை அமைத்து, அதனை அசைத்து ஓவியத்தை இயக்கும் முறையை வெளியிட்டனர். தேவையே இவ்வடிவத்தைத் தோற்றுவித்தது எனலாம்.

இன்றைய உள்ளமைப்பின் அடிப்படைக் கூறுகளைச் சுருக்கமாக நோக்குவோம். முதலாவது, மூட்டுக்களின் படிநிலை: தோள் திரும்பினால் முழங்கையும் மணிக்கட்டும் உடன் திரும்பும். இரண்டாவது, தோல் பொருத்துதல்: மேற்பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் எந்த என்பினை எவ்வளவு விகிதத்திற் பின்தொடர வேண்டும் என வரையறுக்கப்படும். விகிதம் பிழைப்பின் முழங்கை நசுங்கும். மணிக்கட்டு, முறுக்கிய இனிப்புத்தாள் போலாகும். மூன்றாவது, நேர்மாறு இயக்கவியல்: பாதம் நிற்கவேண்டிய இடத்தைக் குறித்தால், இடுப்பும் முழங்காலும் வளையவேண்டிய அளவைக் கணினியே கண்டுபிடிக்கும். தொழிற்சாலை இயந்திரக் கைகள் பற்றிய ஆய்விலே வளர்ந்த இக்கணிதம், எண்பதுகளின் நடுப்பகுதியிலே அசைவூட்டத்துட் புகுந்தமை மனங்கொளத்தக்கது. நான்காவது, முகபாவ வடிவங்களைக் கலத்தல். ஐந்தாவது, இவை யாவற்றையும் இயக்கக் கலைஞருக்கு அளிக்கப்படும் கைப்பிடிகள். 1995இல் வெளிவந்த 'ரோய் ஸ்ரோறி' படத்தின் வூடி என்னும் பாத்திரத்துக்கு 700க்கு மேற்பட்ட கட்டுப்பாடுகள் இருந்தன.

இவ்விடத்திலே ஒரு முரண்பாட்டைக் கவனித்தல் வேண்டும். ஒரே உருவத்தை ஆயிரம் முறை வரையும் சுமையிலிருந்து கலைஞரை இவ்வமைப்பு விடுவித்தது. அதேவேளை, உடலை அறிவோர், உடலை அசைப்போர் என உழைப்பினை இரு கூறாக்கியும் விட்டது. மூட்டமைப்பவர் இடமளியாத அசைவினை அசைப்பவர் எளிதில் ஆக்கமுடியாது. ஆகவே பாவையின் நடிப்பிலே முன்னவருக்கும் பங்குண்டு. எனினும் அவரது உழைப்பு கருவியினுள் உறைந்து, கருவியின் இயல்பாகவே தோற்றமளிக்கின்றது. மார்க்ஸ் உயிரற்ற உழைப்பு என்று குறித்தது இதுவே. 1993இல் 'ஜுறாசிக் பார்க்' படத்துக்காக, பொம்மைகளைக் கையால் நகர்த்திப் பழகியோரின் திறன், மூட்டுக்களில் உணரிகள் பொருத்திய உலோகக் கூட்டின் வழியாகக் கணினிக்கு மாற்றப்பட்டமை இதற்குத் தக்க சான்று.

இது வெறும் கோட்பாட்டுப் பிரச்சினை அன்று. 2013 பெப்ரவரியிலே 'லைஃப் ஒஃப் பை' படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அன்ட் ஹியூஸ் நிறுவனம் வங்குரோத்து நிலையை அறிவித்தது. அதே மாதத்திலே அப்படம் காட்சி விளைவுகளுக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. மண்டபத்தினுள்ளே விருது வழங்கப்பட்டபோது, வெளியே அத்துறைத் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் எதிர்ப்புத் தெரிவித்து நின்றனர். உலகம் வியந்த அப்புலியின் என்பையும் தசையையும் தோலையும் அமைத்தோருட் பலர் வேலையை இழந்திருந்தனர்.

இதனாற் கருவியைப் பழித்தல் தவறாகும். 2002இல் பொதுமக்களிடம் ஒரு லட்சம் யூறோ திரட்டப்பட்டு, 'பிளெண்டர்' என்னும் மென்பொருளின் மூலநிரல் அனைவருக்கும் உரியதாக்கப்பட்டது. மேற்கூறிய கூறுகள் யாவற்றையும் எவரும் கட்டணமின்றிக் கற்று ஆளும் வாய்ப்பு இதனால் விரிந்தது. ஆயினும் கருவி பொதுவுடைமையாவது வேறு. அதனைக்கொண்டு செய்யப்படும் உழைப்பு உரிய மதிப்பைப் பெறுவது வேறு. முன்னது தொடங்கிவிட்டது; பின்னது எஞ்சி நிற்கின்றது. பாவை அழகாக நடந்தது என்று எழுதும் விமரிசகர், அதன் மூட்டுக்களை யார் அமைத்தார், அவருக்கு என்ன கிடைத்தது என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினா எழாதவரை நமது கலை வரலாறு தோலின் வரலாறாகவே இருக்கும்.